போர் போடுவதற்கு முன்னால் தொட்டியை அளந்து பாருங்கள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலராக இருக்கிறேன். என் வார்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி, 300 இணைப்புகள். தினமும் 2 மணி நேரம் தண்ணீர் விட்டுத் தொட்டியே காலியாகிறது, ஆனால் கடைசித் தெருவுக்கு நாலு குடம்கூட வருவதில்லை. பைப் எங்கும் உடைந்த மாதிரி தெரியவில்லை. புது போர் போடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: போர் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒரு லட்சத்தை 300 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 330 லிட்டர் சொச்சம், 15 லிட்டர் குடத்தில் 22 குடம். அது எங்கே போகிறது என்று தெரியாமல் இன்னும் தண்ணீரை ஏற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

மெயின் லைன் உடைந்தால் ஊரே போன் போட்டுவிடும், மறுநாளே அடைத்துவிடுவார்கள். நமக்கு வேட்டு வைப்பது வீட்டு இணைப்பு பிரிகிற இடத்தில் கிளாம்ப் இளகியோ, ஜிஐ இரும்புப் பைப்பின் மரை துருப்பிடித்தோ, மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் கசிகிற சின்ன ஓட்டைகள். 10 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மணிக்கு ஏறக்குறைய 200 லிட்டர் விடும். அப்படி 40 இருந்தால் உங்கள் 2 மணி நேரத்தில் 16,000 லிட்டர் காலி. (நாள் முழுக்கத் தண்ணீர் விட்டால் ஒரே ஓட்டை 5,000 லிட்டர் குடிக்கும், அதனால் லைனைச் சரிபார்க்காமல் 24 மணி நேரக் குடிநீர் என்று ஆரம்பிப்பது வம்பு.)

சரி, சோதனைக்கு வருவோம். தொட்டியின் விட்டம் 6 மீட்டர் என்றால், நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 283 லிட்டர் போயிருக்கிறது. முதல் நாள் ராத்திரி ஏற்றுகிற மோட்டாரை நிறுத்தி, எல்லா வால்வையும் மூடி, மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் தொட்டியே கசிகிறது, இல்லை வால்வு பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அப்புறம் ஒரு தெரு வால்வை மட்டும் திறக்க வேண்டும். அரைமணி நேரம் எல்லோரும் குழாயை மூடி வைக்கும்படி முந்தின நாளே ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிவிடுங்கள், வீட்டுத் தரையடித் தொட்டியில் (சம்ப்) விழுகிற பைப் உட்பட. திருகே இல்லாமல் வெறும் பைப்பாக நிற்கிற வீடுகளும் இருக்கும், அவற்றுக்கு மூடி போட்டுவிடுங்கள். லைன் நிறையப் பத்து நிமிடம் விட்டு, அடுத்த 20 நிமிடம் அளந்தால் போதும். 2 செ.மீ. இறங்கினாலே அந்தத் தெருவில் மணிக்கு 1,700 லிட்டர் வீண்.

அந்தத் தெருவில் எங்கே தோண்டுவது? ராத்திரி சந்தடி அடங்கியதும் லைனில் தண்ணீர் விட்டு, வால்வின் மேல் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால் 'உஸ்' என்று கேட்கும். இது ஜிஐ, வார்ப்பிரும்பு பைப்புக்கு. பிவிசியில் சத்தம் தூரம் போகாது, அங்கே சாக்கடையைத்தான் பார்க்க வேண்டும்: தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடுகிறதா? சாக்கடையைக் கடக்கிற பைப்பை முதலில் மாற்றுங்கள். தண்ணீர் நின்றதும் அதே ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும், யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம்.

அளந்து பார்த்ததில் மட்டம் அசையவே இல்லை என்றால் கசிவு இல்லை, பள்ளத்துத் தெருக்காரர்களும் மோட்டார் வைத்தவர்களும் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்து ஊர்கள் மேடும் பள்ளமுமாகத்தானே இருக்கும்? மேட்டுக்குத் தனி வால்வு போட்டு அதற்கு முதலில் விடுங்கள், பள்ளத்து வால்வைப் பாதி மட்டும் திறந்துவிடுங்கள். கசிவு இருக்கிற ஊரிலும் இது உதவும், பள்ளத்தில் அழுத்தம் குறைந்தால் அங்கே கசிவும் குறையும்.

அடைத்த பிறகு அதே தெருவை மறுபடி அளந்து பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறமும் கடைசித் தெருவுக்குப் பற்றவில்லை என்றால், அந்தப் பதிவேட்டோடு கூட்டத்தில் போர் கேளுங்கள்.