மிச்சம் பிடித்தது எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘நிகர பூச்சியத்துக்கான முறைமைச் சிந்தனை’ என்ற ஐந்து நாள் பயிற்சிநெறிக்கு அலுவலகத்தில் என்னைப் போகச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்கவே தலை சுற்றுகிறது. குளமும் வாய்க்காலும் பார்க்கிற எனக்கு இது எதற்கு?
– தொழில்நுட்ப உத்தியோகத்தர், கிளிநொச்சி

பதில்: ஒன்றையொன்று மாற்றுகிற விடயங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்துப் பார்ப்பதுதான் முறைமைச் சிந்தனை. குளம் பார்க்கிறவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். குளத்தில் நிற்கிற தண்ணீர் இருப்பு. ஆறும் மழையும் கொண்டுவருவது வரத்து. துருசால் போவது, வான் பாய்வது, வெயிலில் ஆவியாவது, கட்டுக்கடியில் கசிவது எல்லாம் போக்கு. வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டுக்கும் இதே கணக்குத்தான். ஆண்டு உமிழ்வைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தோம் என்று மகிழ்ந்தாலும், போக்கைவிட வரத்துக் கூடவாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மனிதர் சேர்ப்பதும் மனிதர் அகற்றுவதும் சமமாகிற நிலைதான் நிகர பூச்சியம். இலங்கை 2050ஐ அதற்கு இலக்காக வைத்திருக்கிறது.

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது இரண்டு விடயங்கள். ஒன்று, விளைவு சுற்றிவந்து காரணத்தையே மாற்றுகிற வளையம். மற்றது தாமதம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் சேதனப் பொருள் ஏறப் பல ஆண்டுகள் பிடிக்கும்; நெல்லுக்கு நைதரசன் அந்தந்தப் போகத்திலேயே வேண்டும். இந்த இரண்டு வேகங்களையும் யாரும் ஒரே தாளில் வரையவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனாலும் அந்தக் காலபோக விளைச்சல் கடுமையாக விழுந்தது. கணிதத்துக்குப் பயப்படவேண்டாம். முதல் மூன்று நாளுக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

கேள்வி: கச்சான் தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் மோட்டரை விட்டுச் சோலார் பம்ப் போட்டிருக்கிறோம். எண்ணெய்ச் செலவு இல்லை, புகை இல்லை. ஆனால் இரண்டு வருடமாக ஆவணி வரும்போது கிணறு அடியைக் காட்டுகிறது. பம்பில் பிழையா?
– விவசாயி, விசுவமடு

பதில்: பம்பில் பிழையில்லை. ஒரு தடை கழன்றுவிட்டது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 2.5 கிலோ காபனீரொட்சைட்டு வரும். அதை நிறுத்தியது உண்மையான நன்மை. ஆனால் எண்ணெய் விலைதான் இதுவரை உங்கள் மோட்டரை நேரத்துக்கு நிறுத்தியது. இப்போது வெயில் இருக்கும்வரை இறைக்கலாம். இறைக்க முடிகிறதால் இன்னொரு கால் ஏக்கர் நடுகிறோம். நட்டதால் மேலும் இறைக்கவேண்டியிருக்கிறது. இப்படித் தன்னைத்தானே வளர்க்கிற சுற்றைப் பெருக்கும் வளையம் என்போம். அதைப் பிடித்து நிறுத்தியிருந்த தடுக்கும் வளையம் எண்ணெய்ச் செலவோடு போய்விட்டது.

கிணற்றை அளந்து பாருங்கள். வழக்கம்போல இறைத்து நிறுத்தியவுடன் அளவு குறித்த கயிற்றை இறக்கி மட்டத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கிணற்றின் விட்டம் 4 மீற்றர், ஊறியது 10 சென்ரிமீற்றர் என்றால் 2 × 2 × 3.14 × 0.10, அதாவது ஏறக்குறைய 1.25 கனமீற்றர், 1,250 லீற்றர். பம்ப் மணிக்கு 5,000 லீற்றர் இறைத்தால் ஊற்றைப்போல் நாலு மடங்கு எடுக்கிறீர்கள். ஆறு மணி நேர வெயிலுக்கு அது 30,000 லீற்றர். கிணறு 24 மணி நேரமும் அதே வேகத்தில் ஊறினால்தான் அவ்வளவு வரும். மட்டம் ஏற ஏற ஊற்று மெதுவாகும் என்பதால் அதுவும் வராது. அந்தக் குறையை நிலத்தடி இருப்பிலிருந்து எடுக்கிறீர்கள். இந்த அளவை ஆனி, ஆவணியில் எடுங்கள். மார்கழியில் எடுத்தால் கிணறு உங்களை ஏமாற்றும்.

செய்யவேண்டியது: தண்ணீர் குறைந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் மட்ட உணரி பூட்டுங்கள், காய்ந்து ஓடினால் பம்ப் எரியும். எத்தனை ஏக்கர் நடுவது என்பதை பம்பைப் பார்த்து முடிவெடுக்காமல் கோடை ஊற்றைப் பார்த்து முடிவெடுங்கள். சொட்டுநீர்க் குழாய் நல்லது, ஆனால் மிஞ்சிய தண்ணீருக்கு இன்னும் நிலம் திறந்தால் கிணறு பழையபடிதான். இறைக்காமல் இருப்பதற்கும் வருமானம் வந்தால் நிலைமை மாறும். குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016 முதல் சோலார் பம்ப் வைத்த விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து மிகுதி மின்சாரத்தை வலையமைப்புக்கு விற்றார்கள். கழன்ற எண்ணெய்த் தடைக்குப் பதில் அங்கே வேறொரு தடை பூட்டப்பட்டது.

கேள்வி: வயலை இடைக்கிடை காயவிட்டால் மெதேன் குறையும் என்று பயிற்சியில் சொன்னார்கள். கட்டுக்கரைக் குளத்துக் கீழ் வயல்களுக்கு இது சரிவருமா?
– விவசாயப் போதனாசிரியர், முருங்கன்

பதில்: மெதேன், தண்ணீர் கட்டி நிற்கிற சேற்றில் உண்டாகிற, வளிமண்டலத்தைச் சூடாக்கும் வாயு. காயவிடுவது சிறுபோகத்துக்குச் சரிவரும். காலபோகத்தில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது வயலைக் காயவிட நினைத்தாலும் முடியாது; அதற்கு விவசாயியைக் குறைசொல்லவேண்டாம்.

30 சென்ரிமீற்றர் நீளம், 10 முதல் 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாய் எடுங்கள். கீழ்ப் பாதியில் சுற்றிவரத் துளையிட்டு, 15 சென்ரிமீற்றர் மேலே நிற்க இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிடுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்; சேறு இருந்தால் குழாய் பொய் மட்டம் காட்டும். 5 சென்ரிமீற்றருக்குத் தண்ணீர் கட்டி, அது மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மறுபடி கட்டவேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை காயவிடக்கூடாது, பதர் விழும். வீசி விதைத்த வயலில் புல் அடங்கும்வரை, மூன்று வாரமாவது, தொடங்காதீர்கள். யூரியாவைக் காய்ந்த மண்ணில் எறிந்து உடனே தண்ணீர் கட்டுங்கள். காய்ந்து நனைகிற மண்ணில் நைதரசு ஒட்சைட்டு கூடும். நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட 270 மடங்குக்கு மேல் சூடாக்கும் வாயு. மெதேனில் மிச்சம் பிடித்ததை உரத்தில் இழக்கக்கூடாது.

இனிக் கடினமான பகுதி. தண்ணீர் மிஞ்சுகிறது, எங்கே போகிறது? வாய்க்கால் தலைப்பிலிருப்பவர் மிச்சம் பிடிப்பது கடைசி வயலுக்குப் போகும். அது நியாயம், ஆனால் தலைப்புக்காரருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. ஆகவே முறைவைத்துத் தண்ணீர் விடும் நாட்களைக் கமக்காரர் அமைப்பு இதற்கேற்ப மாற்றாவிட்டால் குழாய் வேலிக்கட்டையாகத்தான் நிற்கும். மிஞ்சியதை வைத்து அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் கூடுதல் ஏக்கர் விதைக்கத் தீர்மானித்தால், ஏக்கருக்கு மெதேன் குறையும். குளத்துக் கீழ் மொத்த மெதேன் குறையாமலும் போகலாம். சோறு கூடுதலாகக் கிடைக்கும், அதுவும் வேண்டியதே. ஆனால் அறிக்கையில் ஏக்கருக்கானது, மொத்தம் என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

கேள்வி: மின்சார சபை, கமநல சேவை, கூட்டுறவு, அரிசி ஆலை என்று 20 பேருக்கு இரண்டு நாள் செயலமர்வு நடத்தவேண்டும். எப்படி நடத்துவது? எங்கே பிழை வரும்?
– பயிற்சி இணைப்பாளர், வவுனியா

பதில்: செயலமர்வில் செய்வது, எது எதை மாற்றுகிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் வளையப் படம் வரைவது. ஒரே அலுவலகத்தாரை ஒரே மேசையில் இருத்தினால் அங்கேயே பிழை வந்துவிடும். ஐந்து பேராக நாலு மேசை போடுங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ கொடுப்பவர் ஒருவர், கடைசியில் பெறுபவர் ஒருவர் இருக்கவேண்டும். மார்க்கர் பேனை மூத்த அதிகாரியின் கையில் போகவிடாதீர்கள். போனால் அது அவருடைய படம்.

முதல் அரைநாள் அம்புக்குறி வேண்டாம். கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று கோடு மட்டும் வரையச் சொல்லுங்கள். பதிவேடு இல்லையென்று சொல்வார்கள். புரட்டாதியில் கிணற்றின் எத்தனையாம் படியில் தண்ணீர் நின்றது என்று ஊரிலுள்ள அம்மாமாரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பிறகு மாறிகள், எட்டிலிருந்து பன்னிரண்டு. ‘தண்ணீர்ப் பிரச்சினை’ மாறியல்ல. ‘கிணற்று நீர்மட்டம்’ மாறி. கூடும் குறையும் என்று சொல்லக்கூடிய பெயர் மட்டுமே தாளில் ஏறவேண்டும். அம்பு போடும்போது கேட்கவேண்டியது ஒன்றுதான்: இது கூடினால் அது கூடுமா, குறையுமா? கூடினால் சக (+), குறைந்தால் சய (−). வளையம் மூடியதும் சயக்குறிகளை எண்ணுங்கள். ஒற்றையென்றால் தடுக்கும் வளையம், இரட்டையென்றால் அல்லது ஒன்றும் இல்லையென்றால் பெருக்கும் வளையம். தாமதமுள்ள அம்பில் இரண்டு கீறு போட்டு, பக்கத்தில் காலத்தை எழுதுங்கள்: ‘மூன்று வாரம்’, ‘ஐந்து வருடம்’. பெரும்பாலான படங்கள் தாமதம் இல்லாமல்தான் முடிகின்றன, அதனால்தான் அவை உதவுவதில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் எல்லா மேசையிலிருந்தும் ‘விழிப்புணர்வு’ என்ற தீர்வு வரும். அது எந்த அம்பை மாற்றும் என்று கேளுங்கள். முறைமைச் சிந்தனை அறிஞர் டொனெல்லா மெடோஸ், ஒரு முறைமையை மாற்றத் தலையிடும் இடங்களை வலிமைப்படி வரிசைப்படுத்தியபோது மானியம், வரி போன்ற தொகைகளை அடியில் வைத்தார். அதற்கு மேலே விதிகளையும், விதிகளுக்கும் மேலே முறைமையின் இலக்கையும் வைத்தார். உங்கள் மேசைகளின் தீர்வுகளையும் அப்படி அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். படங்களைக் கையோடு கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் ஓர் அளவீட்டோடு திரும்பிவரும் திகதியையும் குறியுங்கள்.

கேள்வி: சூரிய மின்சாரம் நல்லதென்றால் 2025 சித்திரை விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தச் சொன்னது ஏன்?
– மின்னியல் மாணவி, அறிவியல்நகர்

பதில்: விடுமுறையில் ஆலையும் அலுவலகமும் பூட்டு, வெயிலுக்கு விடுமுறை இல்லை. மின்சாரத் தேவை குறைந்து கூரை உற்பத்தி மிகும்போது, பெரிய சுழலும் இயந்திரங்கள் வலையமைப்பில் குறைந்துவிடும். அவற்றின் சுழற்சிதான் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபநிலையக் கோளாறு நாடு முழுதும் மின்னை நிறுத்தியது அத்தகைய பகலில்தான். ஒழுங்கையளவில் வேறொன்று நடக்கும். எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் தள்ளும்போது கம்பியின் கடைசி வீட்டில் வோல்ற்றளவு ஏறும். வழமையான 230 வோல்ற்றுக்கு மேல் 6 சதவீதம்வரைதான் ஏறலாம், அது 243.8; அந்த எல்லையைத் தாண்டிப்போனால் இன்வேர்ட்டர் தானாக விலகிவிடும். நெல் அரைப்பதையும் தாங்கிக்கு நீர் ஏற்றுவதையும் மதியத்துக்கு மாற்றினால் இந்த இரண்டுமே தளரும். செயற்திட்டத்துக்கு உங்கள் வீட்டு ஒழுங்கையையே எடுங்கள்: ஒரு ஞாயிறும் ஒரு திங்களும், காலை 6 முதல் மாலை 6 வரை, அரை மணிக்கு ஒருமுறை வோல்ற்றளவைக் குறியுங்கள்.