டெட்ராய்ட்டுக்குக் கொடுத்த பணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டெட்ராய்ட் நகரை மையமாகக் கொண்ட அமெரிக்கக் கார் நிறுவனங்களை அந்நாட்டு அரசு 2008, 2009 ஆண்டுகளில் மக்கள் பணத்தைக் கொடுத்துக் காப்பாற்றியது சரிதானா என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோபமானவை. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அன்றைக்கு நானும் அந்த உதவியை எதிர்த்தவன்தான். என் கருத்து ஏன் மாறியது, எந்த இடத்தில் மாறவில்லை என்பதையும் இந்தப் பதில்களோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சிறு தொழில் நடத்தி நொடித்துப்போனவன் நான். எனக்கு எந்த அரசும் கைகொடுக்கவில்லை. தனி விமானத்தில் வந்து இறங்கிப் பணம் கேட்ட முதலாளிகளுக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

பதில்: நீங்கள் குறிப்பிடும் சம்பவம் 2008 நவம்பரில் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களின் தலைவர்களும் 2,500 கோடி டாலர் கடன் கேட்டு, ஆளுக்கொரு தனி விமானத்தில் வாஷிங்டனுக்கு வந்தார்கள். நாடே கொதித்தது. அடுத்த மாதம் காரிலேயே வந்தார்கள். ஆனால் கேட்ட தொகை 3,400 கோடி டாலராக உயர்ந்திருந்தது. பெரிய வண்டிகளின் லாபத்தையே பல ஆண்டுகள் நம்பியிருந்துவிட்டு, 2008 கோடையில் பெட்ரோல் விலை ஒரு கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியபோது விற்பதற்குச் சரியான சிறிய கார் இல்லாமல் நின்ற நிர்வாகங்கள் அவை. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஓராண்டில் மட்டும் 3,090 கோடி டாலர் இழந்தது. அவர்கள் இரக்கத்துக்கு உரியவர்கள் என்று நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் ஒரு கடை மூடப்படுவதற்கும் ஒரு கார் நிறுவனம் நின்றுபோவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு கடை மூடினால் அதற்குச் சரக்குக் கொடுத்தவர் அடுத்த கடைக்குக் கொடுப்பார். கார் தொழிலில் இருக்கை, பிரேக், கம்பிவடம், கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் செய்து தரும் உதிரிபாக நிறுவனங்கள் சரக்கை முதலில் அனுப்பிவிட்டுச் சில வாரங்கள் கழித்தே பணம் பெறுகின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் ஒருநாள் பணம் கொடுப்பதை நிறுத்தியிருந்தால் அவற்றுள் பலவும் சேர்ந்தே விழுந்திருக்கும். அவை விழுந்திருந்தால், அதே நிறுவனங்களிடம் பொருள் வாங்கும் ஃபோர்டும், அமெரிக்காவில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டாவும் ஹோண்டாவும்கூட உற்பத்தியை நிறுத்த வேண்டி வந்திருக்கும். ஃபோர்டின் தலைவர் ஆலன் முலாலி, தன் நிறுவனத்துக்கு அவசரக் கடன் தேவைப்படாத நிலையிலும் போட்டியாளர்களுக்கு உதவும்படி நாடாளுமன்றத்தில் பேசியதற்கு இதுவே காரணம். மூன்று நிறுவனங்களும் முற்றிலும் நின்றுபோனால் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 30 லட்சம் வேலைகள் போகும் என்று மிஷிகனில் உள்ள வாகன ஆய்வு மையம் அப்போது கணித்தது. அந்த மையம் வாகனத் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் கணிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே வேலையிழப்பு பெருகிக்கொண்டிருந்த ஒரு நாடு தாங்கக்கூடிய எண்ணிக்கை அல்ல அது.

உங்களுக்கு எவரும் கைகொடுக்காதது தவறு. அந்தத் தவறுக்காக டெட்ராய்ட்டின் பிரேக் ஆலைத் தொழிலாளியைத் தண்டிப்பது உங்கள் இழப்பை ஈடுசெய்யாது.

கேள்வி: இது ஒபாமா கொடுத்த பணம்தானே?

பதில்: தொடங்கிவைத்தவர் அவருக்கு முன் அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ். 1,400 கோடி டாலர் கடனுக்கான மசோதா 2008 டிசம்பர் 10-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. மறுநாள் செனட்டில் தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் 52க்கு 35 என்ற கணக்கில் நின்றுபோனது. டிசம்பர் 19-இல் புஷ், வங்கிகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்த 70,000 கோடி டாலர் நிதியிலிருந்து 1,740 கோடி டாலரைக் கார் நிறுவனங்களுக்கு அறிவித்தார். ஒபாமா அரசு அதைப் பன்மடங்காக்கியது; நிபந்தனைகளையும் கடுமையாக்கியது.

கேள்வி: குடியரசுக் கட்சி அரசியல்வாதி மிட் ராம்னி, இந்நிறுவனங்கள் முறைப்படி திவால் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்று 2008-லேயே எழுதினார். கடைசியில் கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1-இலும் திவால் மனு கொடுக்கத்தானே செய்தன? அப்படியானால் ராம்னி சொன்னதுதானே சரி?

பதில்: பாதி சரி. பழைய கடன்களையும் பழைய ஒப்பந்தங்களையும் நீதிமன்றத்தின் துணையின்றிக் குறைத்திருக்க முடியாது. இந்த அளவில் அவர் கணித்தது நடந்தது. நானும் அன்று இதே வாதத்தைத்தான் எழுதினேன். நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. திவாலான நிறுவனம் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இயங்க வேண்டுமானால், அன்றாடம் கூலி கொடுக்கவும் இரும்பு வாங்கவும் யாராவது புதிதாகக் கடன் கொடுத்தாக வேண்டும். சாதாரண காலத்தில் பெரிய வங்கிகள் அதைச் செய்யும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்த பிறகு, வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே அஞ்சிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான கோடி டாலரை ஒரு திவால் நிறுவனத்துக்குக் கொடுக்கத் தனியார் எவரும் முன்வரவில்லை. அரசுப் பணம் இல்லாத திவால் என்பது அந்தக் குளிர்காலத்தில் சீரமைப்பாக அல்ல, இயந்திரங்களை ஏலம் விட்டுக் கதவை மூடுவதாகவே முடிந்திருக்கும்.

ஆகவே அரசு மூலதனமும் கொடுத்தது, திவாலையும் நடத்தியது. ஸ்டீவன் ராட்னர் தலைமையிலான சிறு குழு அதற்கென அமைக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரிக் வாகனர் மார்ச் இறுதியில் அரசின் வற்புறுத்தலால் விலகினார். அந்நிறுவனத்தின் நல்ல சொத்துகள் மட்டும் ஒரு புதிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பழைய கடன்களும் வேண்டாத ஆலைகளும் பழைய நிறுவனத்திலேயே தங்கின. ஜூலை 10-இல், அதாவது நாற்பதே நாளில், புதிய ஜெனரல் மோட்டார்ஸ் வெளியே வந்தது. அதன் பங்குகளில் 60.8 சதவீதம் அமெரிக்க அரசுக்கும், 11.7 சதவீதம் கனடா, ஒன்டாரியோ அரசுகளுக்கும், 17.5 சதவீதம் ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவ அறக்கட்டளைக்கும், 10 சதவீதம் பழைய கடன் பத்திரக்காரர்களுக்கும் போயின.

இந்த வேகமே ஒரு சிக்கலையும் தந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் கடன் பத்திரக்காரர்களுக்கு வர வேண்டியது ஏறத்தாழ 2,700 கோடி டாலர். மருத்துவ அறக்கட்டளைக்கு வர வேண்டியது ஏறத்தாழ 2,000 கோடி. இரண்டுமே அடமானம் இல்லாத கடன்கள். ஆனால் பின்னதற்குக் கூடுதலான பங்கு கிடைத்தது. கிரைஸ்லரில் அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களே 690 கோடிக்கு 200 கோடிதான் பெற்றார்கள். அவர்களுள் இந்தியானா மாநிலத்தின் ஆசிரியர், காவலர் ஓய்வூதிய நிதிகளும் இருந்தன. அவை உச்ச நீதிமன்றம் வரை போயும் விற்பனையைத் தடுக்க முடியவில்லை. நாளை வண்டியைக் கட்டித் தரப்போகிறவர்களைப் பகைத்துக்கொண்டு நிறுவனத்தை எழுப்ப முடியாது என்ற அரசின் விடையில் நடைமுறை உண்மை இருக்கிறது. ஆயினும் ஓர் ஓய்வூதியத்தைக் காக்க இன்னோர் ஓய்வூதியத்தை வெட்டியதை நியாயம் என்று எழுத என் கை வரவில்லை.

கேள்வி: தொழிலாளருக்கு மணிக்கு 70 டாலர் கொடுத்ததால்தானே இந்த நிறுவனங்கள் மூழ்கின?

பதில்: எந்தத் தொழிலாளியும் மணிக்கு 70 டாலர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அனுபவம் வாய்ந்தவரின் கூலி மணிக்குச் சுமார் 28 டாலர். அதனுடன் காப்பீடு முதலிய சலுகைகளையும், ஏற்கெனவே ஓய்வுபெற்ற லட்சக்கணக்கானோரின் மருத்துவச் செலவையும் ஓய்வூதியத்தையும் கூட்டி, அன்றைக்கு வேலையில் இருந்தவர்களின் மணிக்கணக்கால் வகுத்தால் வரும் எண்தான் 70. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த ஜப்பானிய ஆலைகளில் ஓய்வுபெற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் அந்தச் சுமை அவற்றுக்கு இல்லை. 2007 ஒப்பந்தத்தில், புதிதாகச் சேர்பவர்களுக்கு ஏறத்தாழ 14 டாலர் என்ற பாதிக் கூலியைத் தொழிற்சங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது. மீட்புக்குப் பின்னும் அது நீடித்தது. ஒரே வரிசையில், ஒரே வேலையை, இருவேறு கூலிக்கு இருவர் செய்தார்கள். அந்த இரட்டைக் கூலியை முடிவுக்குக் கொண்டுவருவது, இதே தொழிற்சங்கம் 2023-இல் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கியமான கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

கேள்வி: போட்ட பணம் திரும்பி வந்ததா? லாபம் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் 1980-ஆம் ஆண்டைச் சொல்கிறாராக இருக்கலாம். அப்போது கிரைஸ்லருக்கு அரசு பணம் கொடுக்கவில்லை. 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு உத்தரவாதம் மட்டுமே கொடுத்தது. லீ அயகோகாவின் தலைமையில் அந்நிறுவனம் 1983-இலேயே கடனை அடைத்தது. அரசு 30 கோடி டாலருக்கு மேல் ஆதாயமும் பெற்றது. 2009-இன் கதை அப்படியல்ல. வாகனத் துறைக்கு மொத்தம் ஏறத்தாழ 8,000 கோடி டாலர் போனது. ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கொடுத்த 4,950 கோடியில் ஏறத்தாழ 3,900 கோடிதான் திரும்பியது; கிரைஸ்லரில் 130 கோடி போனது. முன்பு ஜெனரல் மோட்டார்ஸின் கடன் வழங்கும் துணை நிறுவனமாக இருந்த ஜிமேக்கில் போட்டதில் சற்று ஆதாயம் கிடைத்தது. எல்லாம் சேர்ந்து நிகர இழப்பு 1,000 கோடி டாலரை ஒட்டியது. வேலையிழந்தோர் உதவித்தொகையையும் இழந்திருக்கக்கூடிய வரியையும் எண்ணினால் அது மலிவான விலை என்று ஆதரவாளர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு லாபம் என்று பெயர் சூட்ட முடியாது.

கேள்வி: நட்டப்பட்டவர்கள் பற்றி யாரும் எழுதுவதில்லையே?

பதில்: இந்தக் கடிதத்துக்கு நன்றி. டெல்ஃபை என்பது ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து பிரிந்த உதிரிபாக நிறுவனம். அதன் ஓய்வூதியத் திட்டங்களை அரசின் காப்பீட்டு அமைப்பு 2009-இல் ஏற்றபோது, ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்களுக்குக் குறைந்த தொகையை ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுகட்டியது. சங்கத்தில் இல்லாத ஏறத்தாழ 20,000 அலுவலக ஊழியர்களுக்கு அந்த ஈடு கிடைக்கவில்லை. அவர்களுள் பலருடைய ஓய்வூதியம் நிரந்தரமாகக் குறைந்தது. கிரைஸ்லர் ஒரே வீச்சில் 789 டீலர்களை நீக்கியது. தலைமுறைகளாக ஊரின் மத்தியில் இருந்த விற்பனை நிலையங்களும் அவற்றுள் இருந்தன.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. 2009-இல் அவர்கள் யார் என்பது வெளியே தெரியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் சிறிய கார்களில் சாவித் துவாரத்தின் மின்விசை தானாக அணைந்து, விபத்தின்போது காற்றுப்பை விரியாமல் போகும் குறை இருந்தது. நிறுவனத்துக்குள் சிலருக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், 2014-இல்தான் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பழைய நிறுவனத்தின் பொறுப்புகளைப் புதிய நிறுவனம் சுமக்காது என்ற திவால் ஏற்பாட்டைக் காட்டி, வழக்குகளைத் தடுக்க நிறுவனம் முயன்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அந்தக் கேடயத்தைப் பெருமளவு அகற்றியது. நாற்பதே நாளில் முடிந்தது என்று நான் மேலே எழுதிய அதே ஏற்பாடுதான் இது. மகனையோ மகளையோ இழந்தவர் அதை வெற்றி என்று படிப்பாரா என்று அந்த வரியை எழுதும்போதே நினைத்தேன்.

கேள்வி: இன்று அதே நிலை வந்தால் ஆதரிப்பீர்களா? உள்நாட்டு நிறுவனம் என்பதற்கே இனிப் பொருள் உண்டா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க மக்களின் பணத்தால் பிழைத்த கிரைஸ்லர் முதலில் இத்தாலியின் ஃபியட்டிடம் போனது. 2021 முதல் நெதர்லாந்தில் தலைமையகம் கொண்ட ஸ்டெல்லான்டிஸின் ஒரு பகுதி. மறுபுறம், அன்று உதவியை எதிர்த்த டென்னஸி, அலபாமா செனட்டர்களின் மாநிலங்கள், ஃபோக்ஸ்வாகனையும் மெர்சிடிஸையும் அழைத்துவரக் கோடிக்கணக்கான டாலர் சலுகை கொடுத்திருந்தன. அதுவும் மக்கள் பணமே. எனவே கொடி எது என்று பார்ப்பதைவிட, ஆலை எங்கே, கூலி யாருக்கு என்று பார்ப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

ஆதரிப்பேன், ஆனால் கடன் கொடுக்க வேறு எவரும் இல்லாத நெருக்கடியில் மட்டும். பிரிட்டன் 1975-இல் பிரிட்டிஷ் லேலண்டை அரசுடைமையாக்கிப் பல ஆண்டுகள் பணம் கொட்டியும், அதன் வழிவந்த எம்ஜி ரோவர் 2005-இல் மூடப்பட்டு ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தார்கள். விற்கத் தகுந்த கார் இல்லாத நிறுவனத்தை வெறும் பணத்தால் நிறுத்திவைக்க முடியவில்லை.

நிபந்தனைகளிலும் என் ஆதரவு அன்றைய ஏற்பாட்டிலிருந்து வேறுபடும். 2009-இல் தொழிலாளர்கள்மீது விதித்தவை துல்லியமானவை. 2011 ஒப்பந்தப் பேச்சின்போது ஜெனரல் மோட்டார்ஸிலும் கிரைஸ்லரிலும் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்யவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. நிறுவனம் மீண்டு லாபம் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அத்தகைய துல்லியம் இல்லை. அரசு தன் கடைசிப் பங்கை நட்டத்தில் விற்றது 2013 டிசம்பரில். பதினைந்து மாதம் கழித்து, 2015 மார்ச்சில், 500 கோடி டாலருக்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கி முதலீட்டாளர்களுக்குப் பணம் கொடுக்கப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. பொது நிதிக்கு ஏற்பட்ட இழப்பு முழுதும் ஈடாகும்வரை இத்தகைய பங்கு வாங்கலைத் தடுக்கும் ஒரு விதியை, பணம் கொடுத்த நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். ஆலையை மூடுவதானால் அந்த ஊருக்கு முன்கூட்டியே இத்தனை ஆண்டு அவகாசமும் இவ்வளவு ஈடும் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 2018 நவம்பரில் வட அமெரிக்காவில் ஐந்து ஆலைகளின் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. ஓஹையோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையிலிருந்து 2019 மார்ச்சில் கடைசிக் கார் வெளியே வந்தபோது, அங்கே வேலை செய்தவர்கள் காட்டிக் கேட்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை.