இரண்டு வாரமாகவா, இரண்டு வாரத்துக்கா? ஆங்கில வினைக்காலங்களைப் பழகிய அனுபவம்

கேள்வி: ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்களும் அட்டவணையாக மனப்பாடம். பயிற்சித் தாளில் கோடிட்ட இடங்களைச் சரியாகவே நிரப்புகிறேன். ஆனால் மின்னஞ்சல் எழுதும்போதும் பேசும்போதும் வினைச்சொல் தவறிவிடுகிறது. எப்படிப் பயிற்சி செய்வது?

பதில்:

நான் வாழப்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பட்டம் முடித்த கையோடு ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்தவன். தோட்டங்களில் ரைட்டர் என்றால் கணக்கெழுதுபவர். ஆட்களின் வருகைப் பதிவு, பறித்த பழத்தின் எடை, கிடங்கு இருப்பு, வெளியூர் வியாபாரிகளுக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் சொல்லும் அதே நிலையில்தான் நானும் மலையேறினேன். எந்தக் காலத்தின் பெயரைக் கேட்டாலும் அதன் அமைப்பைச் சொல்லிவிடுவேன். சொந்தமாக நான்கு வரி எழுதினால் அதில் இரண்டு தவறியிருக்கும்.

முதல் பருவத்திலேயே ஒரு தவறு நேர்ந்தது. பறித்த காபிப் பழத்தைத் தோலோடு அப்படியே களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பதுண்டு. அந்தச் சரக்குக்குச் செர்ரி என்று பெயர். அது காய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். எங்கள் களத்தில் அந்த இரண்டு வாரமும் முடியும் தறுவாயில், வாங்கவிருந்த பெங்களூரு வியாபாரிக்கு நான் எழுதிய வரி இது: ‘வி ஆர் டிரையிங் தி செர்ரி ஃபார் டூ வீக்ஸ்.’ இனிமேல்தான் இரண்டு வாரம் காயவைக்கப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்ட அவர், லாரியை அதற்கேற்றாற்போல் தள்ளிவைத்துவிட்டார். மூட்டை கட்டிய சரக்கு கிடங்கில் கிடந்தது. சேர வேண்டிய பணமும் அத்தனை நாள் தள்ளிப்போனது.

மேலாளர் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, தமிழ்ல என்ன நினைச்சு இதை எழுதுனீங்க? ரெண்டு வாரமாவா, ரெண்டு வாரத்துக்கா?” என்று மட்டும் கேட்டார். “ரெண்டு வாரமா காயுதுங்க சார்” என்றேன். “அந்த ‘ஆக’ உங்க இங்கிலீஷ்ல எங்க இருக்கு?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கும் தர விரும்புகிறேன். ‘இரண்டு வாரமாகக் காய்கிறது’ என்பதிலும் ‘இரண்டு வாரத்துக்குக் காயவைக்கிறோம்’ என்பதிலும் நாம் நிகழ்கால வினையையே வைக்கிறோம். தொடங்கிவிட்டதா, இனிமேல்தானா என்ற வேறுபாட்டைத் தமிழில் ‘வாரம்’ என்ற பெயர்ச்சொல்லின் மேல் ஏறும் ‘ஆக’வும் ‘கு’வும் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஃபார் டூ வீக்ஸ்’ என்ற தொடர் இரண்டுக்கும் பொதுவாக அப்படியே நிற்க, வேறுபாடு முழுவதையும் வினை சுமக்கிறது. நான் எழுதியிருக்க வேண்டியது ‘வி ஹேவ் பீன் டிரையிங் தி செர்ரி ஃபார் டூ வீக்ஸ்’. சேலத்தில் பத்து வருடமாகக் குடியிருப்பவர் ‘ஐ ஆம் லிவிங் இன் சேலம் ஃபார் டென் இயர்ஸ்’ என்று சொல்வதற்கும் இதே காரணம்தான். அவருக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தமிழில் பிழையே இல்லாத ஒரு வாக்கியத்தை அவர் ஆங்கிலச் சொற்களில் சொல்கிறார். ஆகவே தவறு எந்தத் தமிழ்ப் பழக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதே பயிற்சியின் முதல் பாதி என்பது என் உறுதியான கருத்து. அட்டவணை இதைக் காட்டாது. ஏனென்றால் அது தமிழர்களுக்காக எழுதப்பட்டதல்ல.

அடுத்தது ‘நேற்று’. காலையில் களம் ஈரமாக இருப்பதைப் பார்த்து ‘நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். தமிழில் அது முற்றிலும் சரி. அதே மனத்தோடு ‘இட் ஹேஸ் ரெயிண்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதினால் தவறு. முடிந்துபோன ஒரு நேரத்தை வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டால், ஆங்கிலம் அங்கே பிரசன்ட் பெர்ஃபெக்ட்டை ஏற்காது. ‘இட் ரெயிண்ட் லாஸ்ட் நைட்’ என்ற சிம்பிள் பாஸ்ட்தான் வரும். இதைப் பழக நான் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொண்டேன். மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. ‘தி டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934’ என்பது முடிந்த நிகழ்ச்சி. ‘இட் ஹேஸ் ஹெல்ட் காவேரி வாட்டர் சின்ஸ் 1934’ என்பது அன்று தொடங்கி இன்றும் தொடர்வது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்ற பிரிட்டிஷ்காரர், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள், அது ‘பிராட்’. அன்றிலிருந்து இங்கே காபி விளைகிறது. அது ‘ஹேஸ் க்ரோன்’. ‘இன்’ வந்தால் ஒரு வினை, ‘சின்ஸ்’ வந்தால் வேறொரு வினை. உங்கள் தெரு, உங்கள் பள்ளி, உங்கள் வீட்டுக் கிணறு என்று எதைப் பற்றியும் இப்படி இரண்டிரண்டு வாக்கியங்களாக எழுதலாம். ஒரே ஆண்டை இரண்டு வாக்கியத்திலும் வைத்து வினையை மட்டும் மாற்றுவது, வேறு எந்தப் பயிற்சியையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

‘ஹேட்’ நம் ஊரில் மிகுதியாகப் புழங்குகிறது. ‘போன ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் போயிருந்தோம்’ என்பது தமிழுக்கு இயல்பு என்பதால் ‘வி ஹேட் கான் டு மேட்டூர் லாஸ்ட் சண்டே’ என்று வந்துவிடுகிறது. அங்கே ‘வென்ட்’ போதும். கடந்த காலத்திலேயே இன்னொரு நிகழ்ச்சி இருந்து, அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டியபோதுதான் ‘ஹேட்’ தேவை. அந்த இன்னொரு நிகழ்ச்சி எது என்று சுட்டிக்காட்ட முடியாவிட்டால் ‘ஹேட்’டை எடுத்துவிடுங்கள்.

‘பாட்டி தினமும் நாலு மணிக்கு எழுந்துவிடுவாள்’ என்று, இறந்துபோன பாட்டியின் வழக்கத்தைச் சொல்லும்போது நாம் எதிர்கால வினையை வைக்கிறோம். அது ஆங்கிலத்தில் ‘வில்’ ஆகக் கூடாது; ‘யூஸ்டு டு’ அல்லது ‘வுட்’ ஆக வேண்டும். அதேபோல் ‘நான் வரும்போது’ என்பதில் உள்ள ‘வரும்’ எதிர்காலப் பெயரெச்சம் என்பதால் ‘வென் ஐ வில் கம்’ என்று வாயில் வருகிறது. சரியானது ‘வென் ஐ கம்’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘டிட் யூ வென்ட்’ போன்றவை கவனக்குறைவால் வருபவை; ஒரு மாதம் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டால் போய்விடும்.

நெடுநாள் என்னைவிட்டுப் போகாத பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, களத்துக்குப் போய், பழத்தைக் கிளறிவிட்டு வந்தேன்’ என்று தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். கடைசி வினை ஒன்று காலத்தைக் காட்டினால் போதும். ஆங்கிலத்தில் ‘அண்ட்’ போட்டுக் கோத்தால் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும். அதனால்தான் கதை சொல்லும்போது முதல் வினையும் கடைசி வினையும் சரியாக இருக்க, நடுவில் உள்ளவை ‘டேக்’, ‘ஈட்’, ‘கோ’ என்று மொட்டையாக நின்றுவிடுகின்றன. எழுதி முடித்ததும் வினைகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, வாக்கியத்தைப் படிக்காமல் வட்டங்களை மட்டும் வரிசையாக வாய்விட்டுப் படித்தால் இந்தப் பிழை உடனே காதில் உறுத்தும்.

இனி, அன்றாடம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். இரவில் அன்று உண்மையில் நடந்ததைப் பத்து வரி எழுதுவேன். அடுத்த நாள் அதே பத்து வரியை ‘எவ்ரி டே’ என்று தொடங்கித் திருப்பி எழுதுவேன். மூன்றாம் நாள் ‘சின்ஸ் மார்னிங்’ என்று வைத்து எழுதுவேன். சில வரிகள் மாற மறுக்கும். ‘நான் சாவியைத் தொலைத்தேன்’ என்பதை ‘எவ்ரி டே’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். எது மாறுகிறது, எது மாறவில்லை, ஏன் என்று யோசிக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் உண்மையான பயிற்சி. பிறர் எழுதிய வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதியை வினாத்தாளே செய்துவிடுகிறது. சொந்த நாளைப் பற்றி எழுதும்போது அதை முழுவதுமாக நாமே செய்கிறோம்.

பேச்சுப் பயிற்சிக்கு எனக்கு வாய்த்தது பேருந்து. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் உதடு மட்டும் அசையும்படி ஒரு வாக்கியம் சொல்வேன். ஏழாவது வளைவில் ‘வி ஹேவ் கிராஸ்ட் செவன்’. ‘வி கிராஸ்ட் தி சிக்ஸ்த் எ மினிட் அகோ’. ‘வி ஆர் கோயிங் டவுன்’. எதிரே லாரி வந்து பேருந்து நின்றுவிட்டால், பிறகு அதை நினைத்து ‘வென் தி பஸ் ஸ்டாப்ட், வி ஹேட் கிராஸ்ட் ட்வெல்வ்’. அடிவாரத்தை நினைத்து ‘பை தி டைம் வி ரீச் தி ஃபுட்ஹில்ஸ், வி வில் ஹேவ் கிராஸ்ட் ட்வென்டி’. கண்ணெதிரே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால் முடிந்தது, முடியாதது, முடியவிருப்பது மூன்றும் குழப்பமில்லாமல் பிரிந்து நிற்கும். உங்களுக்கு மலைச்சாலை இல்லாவிட்டால் ரயில் நிலையங்களை எண்ணுங்கள், மாடிப்படிகளை எண்ணுங்கள்.

ஆங்கில நாளிதழ் படிக்கும்போது ஒரு செய்தியின் முதல் வாக்கியத்தையும் அதற்குப் பின் வருபவற்றையும் ஒப்பிடுங்கள். பல செய்திகள் ‘ஹேஸ் ஆர்டர்ட்’ என்று நாள் சொல்லாமல் தொடங்கி, ‘ஆன் மண்டே’ என்று நாள் வந்தவுடன் ‘ஆர்டர்ட்’ என்று மாறிவிடும். தலைப்பைப் பின்பற்ற வேண்டாம். நடந்து முடிந்ததையும் நிகழ்காலத்தில் சொல்வது தலைப்புகளுக்கே உரிய வழக்கம். அமெரிக்கர்கள் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்பதைக் கேட்டுக் குழம்பவும் வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பதே பழக்கம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எத்தனை நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபார்’, ‘சின்ஸ்’ இரண்டும் எனக்கு இரண்டு மாதத்தில் சரியாயின. தேவையில்லாத ‘ஹேட்’ போக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போதும் வேகமாகப் பேசும்போது பாட்டியைப் பற்றிய பேச்சில் ‘ஷி வில்’ வந்துவிடுவதுண்டு. அப்போது நிறுத்தி மன்னிப்புக் கேட்பதில்லை. ‘ஷி யூஸ்டு டு’ என்று திருத்திச் சொல்லிவிட்டு, பாட்டியைப் பற்றிய பேச்சைத் தொடர்கிறேன்.