ஷோப்பியில் லிமிடெட் எடிஷன் புளூரே: விற்பவரை எப்படி நம்புவது?

சுங்கை சிப்புட் போன்ற மலேசியத் தோட்டத்து ஊரில் இருந்து ஷோப்பி இணையச் சந்தையில் வாங்கும்போது புளூரே பட வட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. அதனால் படம் கேளுங்கள்: அன்றைய தேதி எழுதிய சீட்டோடு பெட்டி, வரிசை எண் அட்டை, வட்டின் அடிப்பக்கம். பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை என்பதெல்லாம் சான்றே இல்லை. மறுபடி சுற்றுவது சுலபம்.

ஆலையில் அச்சான வட்டின் உள்வளையத்தில் பொதுவாக ஐஎஃப்பிஐ (சர்வதேச ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பு) குறியீடு இருக்கும். ஆனால் எழுதும் வட்டிலும் அது இருக்கலாம். கணினியில் போட்டு, வட்டு எழுதும் மென்பொருளில் வகையைப் பாருங்கள்: பிடி-ரோம் என்றால் ஆலையில் அச்சானது, பிடி-ஆர் என்றால் எழுதும் வட்டு, யாரோ வீட்டில் எரித்ததாக இருக்கலாம்.

புளூரே வட்டும் பிளேயரும் மண்டலம் வாரியாகப் பூட்டப்பட்டிருக்கலாம்: மலேசியா 'ஏ' மண்டலம், பிரிட்டன் 'பி'. பிரிட்டன் பதிப்பு நம் பிளேயரில் ஓடாமல் போனால் அதை விற்பவர் தலையில் கட்டாதீர்கள், முன்கூட்டியே கேளுங்கள். 4கே வட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

'வாட்ஸ்அப்புக்கு வாங்க, விலை குறைக்கிறேன்' என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பார்சலை முகவரிச் சீட்டு தெரிய, வெட்டாத ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். வட்டை ஓட்டிப் பார்க்கும்வரை ஷோப்பியின் 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்த வேண்டாம்; அழுத்தினால் பணம் விற்பவருக்குப் போய்விடும்.