கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பினப் பெண் பேராசிரியர்களுக்கு மென்டர் (வழிகாட்டி) இருந்தும் பணிநிரந்தரம் இழுபறியாவது ஏன்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சிக்கல் பெரும்பாலும் வேலைப் பங்கீட்டில். அங்கே 'டென்யூர்' எனும் பணிநிரந்தரம் பொதுவாக ஆறாவது ஆண்டில் பரிசீலனைக்கு வரும். ஆராய்ச்சிப் பல்கலைகளில் கட்டுரைக்கும் நூலுக்கும்தான் எடை. ஆனால் துறையிலேயே ஒரே கறுப்பினப் பெண் என்றால், எந்தக் குழு அமைத்தாலும் அவர் பெயர் இருக்கும். ஆதரவு தேடும் மாணவிகளும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். சிறுபான்மைப் பேராசிரியர்கள் மீதான இந்தச் சுமையை 1994இல் உளவியல் அறிஞர் அமாடோ படில்லா 'பண்பாட்டு வரி' என்றார். சம்பளத்தில் அல்ல, நேரத்தில் பிடித்தம்!

மாதம் ஒரு காபியும் ஆறுதலும் தரும் மென்டரால் இது தீராது. மூவர் வேண்டும். கட்டுரை வரைவைப் படித்துத் திருத்த துறைக்குள் ஒருவர். மனம்விட்டுப் பேச, பணிநிரந்தர முடிவில் ஓட்டு இல்லாத வெளித்துறைக்காரர் ஒருவர். முடிவெடுக்கும் மூடிய அறையில் பேராசிரியருக்காக வாதாட ஒரு மூத்தவர். இந்த மூன்றாமவரை 'ஸ்பான்சர்' என்பார்கள். பலருக்கும் அமையாதது இவர்தான்.

புதுக் குழுவுக்கு அழைப்பு வந்தால் அன்றே தலையாட்டக் கூடாது. "இதை ஏற்றால் எதை விடட்டும்?" என்று துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வரும் பதிலை ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்கலாம். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

கேள்வி: முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் யார்?
– வாசகர், கரூர்

பதில்: ஒருவரல்ல, மூவர். 1921இல் ஜார்ஜியானா சிம்ப்சன், சேடி மோசெல், ஈவா டைக்ஸ்.