ஸ்னைப்பர் நாவல் 50ஆம் பக்கத்தோட அலுத்துப்போனால்

ஸ்னைப்பர், அதாவது மறைஞ்சிருந்து தூரத்தில சுடுறவன், பற்றின நாவலொண்டு 50ஆம் பக்கத்தோட அலுத்துப்போச்சு எண்டு எழுதியிருந்தியள். காத்துக் கணக்கு, அதாவது குண்டைக் காத்து எவ்வளவு தள்ளும் எண்ட கணிப்பு, வாற பக்கங்களைத் தாண்டிப் போகாதேங்கோ. நீங்கள் 50ஆம் பக்கத்தோட மூடி வைச்சதுக்கு அதுதான் காரணமா இருக்கும். இந்த நாவல்களின்ர விறுவிறுப்பு சூட்டில இல்லை, காத்திருப்பில. 1000 மீற்றர் போக 7.62 மி.மீ. குண்டுக்கு ஒன்றரை செக்கனுக்கு மேல வேணும். அதுக்குள்ள இலக்கு ஒரு அடி எடுத்து வைச்சால் குறி தப்பிப்போகும், காத்தும் குண்டைத் தள்ளிப்போடும். சோளகக் காத்தில பனையோலை ஆடுறதைப் பார்த்துக் காத்தைக் கணிக்கிற எங்களுக்கு இது புதிசே? ஸ்னைப்பரும் புல்லு சாயிறதையும் கானல் ஓடுற திசையையும்தான் பார்க்கிறான்.

ஒரு காத்திருப்புக் காட்சியை இரவில, ஃபோனைத் தள்ளி வைச்சிட்டு, மெதுவா வாசியுங்கோ. உங்களை அறியாமல் மூச்சைப் பிடிச்சால் மிச்சத்தையும் வாசிப்பியள்.

நாவலை அப்பாவுக்கும் குடுக்கப்போறன் எண்டும் எழுதியிருக்கிறியள். சண்டைக்க பங்கருக்குள்ள (பதுங்குகுழிக்குள்ள) கிடந்த மனுசன், முதல்ல கேட்டுப்போட்டுக் குடுங்கோ. எனக்கே சில பக்கங்கள் கடக்க ஏலாமல் கிடந்தது.