மரத்தில் பிக்கப் செய்தால் ஒலி மாறுமா?

(மோட்டார் வைண்டிங் பட்டறையில் தொழில் பழகி, இப்போது எலெக்ட்ரிக் கிட்டார்களுக்குப் பிக்கப் (கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் காந்தக் காயில்) சுற்றித் தரும் கோவைக்காரர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, என்னிடம் ஸ்ட்ராட் மாடலில் விலை குறைந்த கிட்டார் ஒன்று இருக்கிறது. மூன்றும் சிங்கிள் காயில் பிக்கப். ஈட்டி மரத்தில் கையால் செய்த பிக்கப் செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மரம் என்பதால் ஒலி கனிவாக இருக்கும் என்கிறார் விற்பவர். கிட்டார் விலையில் முக்கால்வாசி கேட்கிறார். வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

வாங்கலாம் தம்பி. ஆனால் கனிவுக்காக வாங்காதீர்கள், அழகுக்காக வாங்குங்கள்.

பிக்கப் என்பது மைக் இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மைக் காற்றின் அசைவைக் கேட்கும். பிக்கப்புக்குக் காதே கிடையாது. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி ஆடுகிறது, அந்த ஆட்டத்தில் காயிலுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த சங்கதிதான். எங்கள் ஊர் பம்புசெட் மோட்டாரும் இதே குடும்பம். அதே கிட்டாரில் நைலான் கம்பி மாட்டிப் பாருங்கள், ஆம்ப்பில் ஒன்றும் வராது. காந்தத்தைப் பொறுத்தவரை மரமும் ஒன்றுதான், பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். இரண்டுமே அங்கே இல்லாத மாதிரிதான்.

வீணைக்குப் பலா, நாகஸ்வரத்துக்கு ஆச்சா என்று மரம் பார்த்துப் பழகியவர்கள் நாம். மரம் என்றதும் மனதுக்குள் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. வீணையில் குடமே அதிர்ந்து பாடுகிறது, அங்கே அந்த மரியாதை நியாயம். பிக்கப்பில் மரத்துக்குப் பாடுகிற வேலை இல்லை. காயிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற வேலைதான்.

இதை நான் வெறும் வாயால் சொல்லவில்லை. நாலு வருஷம் முன்னால் ஒரே பிக்கப்புக்கு இரண்டு மூடி செய்தேன். ஒன்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக், இன்னொன்று பலா மரத்தில் குடைந்தது. இரண்டிலும் காந்தம் எட்டிப் பார்க்க ஆறு ஓட்டை. காயிலின் மின்தூண்டலை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் வைத்தால் இரண்டு தடவையும் 2.3 ஹென்றி, முள் நகர்ந்த அளவுகூட வித்தியாசம் இல்லை. அப்புறம் ஒரே உயரத்தில் வைத்து, ஒரே கம்பியில், ஒரே பாட்டை வாசித்துப் பதிவு செய்து எங்கள் மெல்லிசைக் குழு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். கீபோர்டுக்காரர் பலாவைக் கேட்டுவிட்டு, "இதுதான் பிளாஸ்டிக், கரகரன்னு இருக்கு" என்றார். அவரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் மரப் பிக்கப் மாட்டியவர்கள் எல்லாரும் "மாறிவிட்டது, மாறிவிட்டது" என்கிறார்களே? மாறத்தான் செய்யும். பழைய பிக்கப்பைக் கழற்றும்போதே கிட்டாரின் பழைய கம்பியும் போய்ப் புதுக் கம்பி வந்துவிடுகிறது. உயரம் மாறுகிறது. சுற்றின் எண்ணிக்கை வேறு, காந்தம் வேறு. இத்தனையும் மாறிய பிறகு பாராட்டு மட்டும் மரத்துக்குப் போகிறது.

ஒரே ஒரு இடத்தில் மரத்துக்கு நல்ல பெயர் கொடுப்பேன். மலிவான சில பிக்கப்புகளில் பித்தளை மூடி இருக்கும். மின்சாரம் கடத்தும் உலோகம் என்பதால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, மேல் சுருதிகளின் பளிச்சைத் தின்றுவிடும். அதை எடுத்துவிட்டு மர மூடி போட்டால் ஒலி திறந்துகொள்ளும். கனிவுக்கு நேர் எதிர்த் திசை, கவனியுங்கள்.

மரம் கெடுக்கிற இடமும் ஒன்று உண்டு. ஓட்டை இல்லாமல் முழுக்க மூடிய மர மூடி என்றால், மேல்தளம் உடையாமல் இருக்கக் குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் வைப்பார்கள். காந்தம் அவ்வளவு தூரம் கீழே போய்விடும், சத்தம் இளைக்கும். "மரம் மென்மையாக ஒலிக்கிறது" என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஸ்க்ரூவை ஏற்றினால் பாதி சரியாகிவிடும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், காந்தத்தின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே தடித்த கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர். அங்கிருந்து தொடங்கிக் காதுக்குப் பிடித்தபடி ஏற்றி இறக்குங்கள். ரொம்ப ஏற்றினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, ஸ்வரம் அலைபாயும்.

விற்பவரிடம் மரத்தின் பெயரைக் கேட்காதீர்கள். காயில் சுற்றியது எந்த கேஜ் (தடிமன்) கம்பி, எத்தனை சுற்று, எத்தனை ஓம், காந்தம் ஆல்நிக்கோவா செராமிக்கா, என்ன நம்பர் என்று கேளுங்கள். 42 கேஜ் கம்பி, 8000 சுற்றுக்குப் பக்கம், 6 கிலோ ஓம் என்று வந்தால் பழைய ஸ்ட்ராட் வழிக்கு அருகில் இருக்கிறது. பதில் சொல்லத் திணறினால் அவர் தச்சர், வைண்டர் இல்லை. 'கையால் செய்தது' என்பதற்கு மதிப்பு உண்டு, அந்தக் கை கம்பியைப் பிடித்த கையாக இருக்கவேண்டும். ஸ்ட்ராட்டைச் செய்யும் ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956-இல் சேர்ந்து பல பத்தாண்டுகள் பிக்கப் சுற்றியவர் அபிகேல் இபாரா என்ற அம்மையார். அவர் சுற்றியது என்றால் இன்றும் கிட்டார்காரர்கள் தேடுகிறார்கள். அந்தப் பிக்கப்பில் மேலும் கீழும் இருப்பது சாதாரண ஃபைபர் அட்டை.

வாங்குவதற்கு முன்னால் இன்னொரு வேலை. உங்கள் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஓடுகிற கேபிளை ஒரு நாள் மாற்றிப் பாருங்கள். ஒலியின் பளிச்சை மழுக்குவது கெபாசிட்டன்ஸ். காயிலுக்குள் இருக்கிற கெபாசிட்டன்ஸைவிட ஐந்து மீட்டர் கேபிளில் இருப்பது பல மடங்கு அதிகம். நல்ல சின்னக் கேபிள் போட்டதும், "பிக்கப்பே வேண்டாம்" என்று போனவர்கள் என் பட்டறையில் உண்டு. எனக்குத்தான் வியாபாரம் போச்சு.

பட்டறையில் மீந்த தேக்குத் துண்டில் நானே பாபின் (காயில் சுற்றும் சட்டம்) செய்தேன். காந்தத்தை அழுத்தி ஏற்றும்போது மூன்றாவது காந்தத்தில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தப்பித்தது, கம்பியும் சுற்றினேன், ஐப்பசி மழையில் தானாகவே காயில் அறுந்து 'ஓப்பன்' ஆகிவிட்டது. என்ன தவறு?
— மரவேலை செய்பவர், நாகர்கோவில்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் இதே வரிசையில், இதே மாதிரி மூன்று பாபின் உடைத்தவன்.

ஆறு காந்தமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான குறுக்களவு. மர நாரும் அதே நீளவாக்கில் ஓடினால், தபால்தலையைக் கிழிக்க ஓட்டை போட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். மரவேலை தெரிந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆப்பு வைக்காமலே பிளக்கும். நாரைக் குறுக்காக வைத்தாலோ, 60 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டு பப்படம் மாதிரி குறுக்கே ஒடியும். அதனால் ஒற்றை மரம் வேண்டாம். மூன்று வெனீரை நார் மாற்றி மாற்றி ஒட்டி, இரண்டரை மில்லிமீட்டர் பலகையாக்கி, அதில் வெட்டுங்கள். ஓட்டையைச் சின்ன டிரில்லில் தொடங்கி மெல்லப் பெரிதாக்குங்கள். காந்தம் சுத்தியல் கேட்காமல், கட்டைவிரல் அழுத்தத்துக்கு ஏறவேண்டும். ஏறிய பிறகு ஒரு சொட்டு பசை விட்டால் போதும்.

நான் இப்போது இன்னும் சோம்பேறி வழிக்குப் போய்விட்டேன். பாபின் பலகை ஃபைபர். அதன் மேல் அரை மில்லிமீட்டர் ஈட்டி வெனீர். பார்க்கிறவர்களுக்கு முழு மரம், காயிலுக்கு ஃபைபர். ஏமாற்று என்று ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார். பூஜை அலமாரியில் அடித்திருக்கிற தேக்கு பிளைவுட் ஏமாற்று இல்லையா என்று கேட்டேன்.

மழையில் செத்ததற்குக் காரணம் வேறு. 42 கேஜ் கம்பி எனாமல் போக 0.063 மில்லிமீட்டர்தான், தலைமுடி அளவு. ஒரு பிக்கப்பில் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஈரம் குடித்த மரம் அகலவாக்கில் ஊதும். மேல் பலகையும் கீழ்ப் பலகையும் ஊதிச் சுருங்கும்போது, கம்பியின் தொடக்க முனை பலகையைத் தொட்டு வெளியே வருகிற இடத்தில் இழுபட்டு அறும். பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே எங்காவது அறுந்திருந்தால் மறுபடி சுற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

உங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு மரத்தை வெட்டியதும் சுற்றக் கூடாது. வெட்டி, ஓட்டை போட்டு, ஓட்டையின் உள்சுவர் உட்பட எல்லாப் பக்கமும் அரக்கு இரண்டு கை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளைந்துவிடும். காந்தங்களின் மேலும் அரக்கு பூசியே சுற்றவேண்டும், இல்லாவிட்டால் எனாமல் உரசிப் போய்க் காந்தத்தோடு 'ஷார்ட்' ஆகும். முனைகளைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். மோட்டார் வைண்டிங்கில் நாங்கள் இறுக்கிப் பிடித்தே பழகியவர்கள், இதில் அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு வருஷம் ஆனது. முதல் வாரத்தில் 6000 சுற்றைத் தாண்டி அறுந்த காயில்களை எண்ணினால் சாப்பாடு இறங்காது.

மர மூடி போட்ட பிறகு டிஸ்டார்ஷன் ஏற்றினால் 'கீ...' என்று ஊளையிடுகிறது. விரலால் மூடியைத் தட்டினால் ஆம்ப்பில் டொக் டொக் என்று கேட்கிறது. மரம் ஒலிக்கிறது என்று சந்தோஷப்படுவதா?
— சர்ச் குவாயர் கிட்டாரிஸ்ட், தூத்துக்குடி

வேண்டாம். இது மரம் பாடுவது இல்லை, காயில் ஆடுவது. பிக்கப்புக்குக் காது கிடையாது என்று மேலே சொன்னேன். காயில் தளர்வாக இருந்தால் அதற்குக் கள்ளக் காது முளைத்துவிடும். ஸ்பீக்கர் சத்தத்தில் மூடியோ கம்பிச் சுற்றோ அதிர்கிறது, அது மறுபடி ஆம்ப்புக்குப் போகிறது, அது மறுபடி ஸ்பீக்கருக்கு வருகிறது.

மெழுகு ஊட்டவேண்டும். பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் உருக்குங்கள். மூடியைக் கழற்றிவிட்டுக் காயிலை மட்டும் தொங்கவிடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்துத் துடைக்கலாம், ஏறக்குறைய இருபது நிமிடம். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். எனக்குத் தீப்பிடிக்கவில்லை. ஆனால் முதல் தடவை அவசரத்தில் அப்படி வைத்து, வாடிக்கையாளரின் பழைய பிளாஸ்டிக் பாபினை வாடிய வாழையிலையாக்கிக் கையில் கொடுத்தேன். அவருக்குப் புதுசு சுற்றிக் கொடுத்தும் முகம் மலரவில்லை.

மர மூடியை மெழுகில் முக்காதீர்கள். அப்புறம் அதில் பாலிஷ் ஒட்டாது. மூடிக்கும் காயிலுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் வைத்து இறுக்கினால் போதும்.

மர மூடி மாட்டியதும் 'ஹம்' (உம்மென்ற இரைச்சல்) கூடிவிட்டது. முன்பு உலோக மூடி இருந்தது.
— பெயர் வேண்டாம், மதுரை

எர்த் கொடுத்த உலோக மூடி ஒரு குடை மாதிரி. மரம் குடை ஆகாது. மூடியின் உட்புறம் தாமிரத் தாள் ஒட்டி எர்த் கொடுங்கள். காயிலைச் சுற்றி முழு வளையமாக மூடாமல் ஓர் இடத்தில் சின்ன இடைவெளி விடுங்கள், வளையம் மூடினால் பித்தளை மூடிக் கதைதான். இதனால் டியூப்லைட், டிம்மர் இரைச்சல் குறையும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தமாக வருகிற 50 ஹெர்ட்ஸ் ஹம் இதற்கெல்லாம் மசியாது. அதற்கு ஹம்பக்கர் (எதிரெதிராகச் சுற்றிய இரட்டைக் காயில் பிக்கப்), இல்லையென்றால் எதிர்த் திசையில் சுற்றி எதிர்க் காந்தம் வைத்த நடுப் பிக்கப். ஆம்ப்பின் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒடித்துவிட்டு மாட்டுகிறவர்கள் நம் ஊரில் அதிகம், அது ஹம்மோடு நிற்காது, ஆளையே அடிக்கும்.

செம்மரத்தில் மூடி செய்து தருவீர்களா?
— திருவண்ணாமலை

மாட்டேன். என் பட்டறைக்கு வரவேண்டியது கிட்டார், வனத்துறை ஜீப் இல்லை. ஈட்டியைக் காக்கவே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் போட்டார்கள். அதனால் ஈட்டி வெனீரும் பில் உள்ள கடையில்தான் வாங்குகிறேன். பலா, வேங்கை, வேம்பு எதிலாவது சொல்லுங்கள். வீணைப் பட்டறையில் விழுகிற பலாத் துண்டு கிடைத்தால் அதுவே எனக்குப் பிடித்தது, பாலிஷ் ஏறியதும் தேன் நிறம்.

மூன்றில் நடுப் பிக்கப்பை மட்டும் மரத்துக்கு மாற்றினேன். தனியாக வைத்தால் நன்றாக இருக்கிறது. இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்படி ஸ்விட்சை இரண்டாவது இடத்தில் வைத்தால் ஒலி சவசவ என்று, தகர டப்பாவுக்குள் வாசித்த மாதிரி ஒலிக்கிறது. மரம் சேரவில்லையா?
— மெல்லிசைக் குழு கிட்டாரிஸ்ட், திருச்சி

மரத்தின் மேல் பழி போடாதீர்கள், பாவம். இரண்டு பிக்கப்பும் எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்றின் பிளஸ் வரும்போது மற்றதில் மைனஸ். முள் வைத்த பழைய மல்டிமீட்டர் இருந்தால் எடுங்கள், டிஜிட்டல் வேண்டாம். பிக்கப்பின் இரண்டு வயரையும் சர்க்யூட்டிலிருந்து கழற்றி மீட்டரில் இணைத்து, காந்தத்தின் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஒட்டவைத்துச் சட்டென்று பிடுங்குங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். மற்ற இரண்டிலும் வயர்களை அதே முறையில் இணைத்து அதையே செய்யுங்கள். நடுவில் இருப்பது மட்டும் எதிர்ப் பக்கம் துள்ளினால், அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள், ஐந்து நிமிட வேலை. உலோக மூடியாக இருந்தால் அதன் எர்த்தைத் தனியாகப் பிரிக்கவேண்டிய தொல்லை இருக்கும். உங்களுடையது மரம், அந்தத் தொல்லையும் இல்லை.